தம்பி பங்கு டிஸ்க்

உட்காருங்கள். ஆள் வராது. துண்டு போட்டிருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? துண்டு என்னுடையது. இதோ எடுத்துவிட்டேன். உட்காருங்கள்.

டப்பாவைத் தொடாதீர்கள்.

மேலே வைக்கிற சாமான் இல்லை இது. மடியில்தான் இருக்கும். இடித்தால் கொஞ்சம் ஒதுங்கி உட்காருங்கள். சாப்பாடு இல்லை. பச்சரிசி. பச்சரிசிக்குள்ளே என் தம்பியின் பங்கு இருக்கிறது.

முழிக்காதீர்கள். சொல்கிறேன். சங்கரன்கோவில் போய்ச் சேரும்வரை வேறு என்ன வேலை? ஆனால் குறுக்கே கேள்வி கேட்டால் நிறுத்திவிடுவேன். எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை.

முதலில் முன்னால் பாருங்கள். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறான். பச்சைச் சட்டை. வழுக்கை. அவன்தான் தம்பி. உலகநாதன். கோவில்பட்டியில் அவன் ஏறும்போது இந்தப் பஸ்ஸில் காலியாக இருந்தது என் பக்கத்து இடம் ஒன்றுதான். அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முட்டி வலிக்காரன். நிற்கட்டும். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவன் பார்க்க வேண்டும்.

அவன் ஏறின பஸ்ஸில் நான் ஏறவில்லை. நான் ஏறின பஸ்ஸில்தான் அவன் ஏறினான். இதை நினைவில் வையுங்கள். இதற்கு முன்னால் வந்த பஸ்களை எல்லாம் நான் விட்டுவிட்டேன். கூட்டம். உட்கார இடம் இருந்தது. ஆனாலும் கூட்டம்தான்.

சரி. லேப்டாப் தெரியும் அல்லவா? அதுதான் ஆரம்பம்.

என் அக்காள் மகன் நயினார் துபாயில் இருக்கிறான். மாமன்மார் ரெண்டு பேரும் மில்லில் ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிறார்களே என்று ஒரு லேப்டாப் கொடுத்துவிட்டான். ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் படித்தவன். ஒரே பெட்டிக்குள் ரெண்டு டிஸ்க் வைத்துக் கொடுத்தான். முதல் டிஸ்க் பேர் சி. அது பெரிய மாமாவுக்கு. சிடி போடுகிற இடம் இருக்குமே, அதைக் கழற்றிவிட்டு அந்தப் பொந்துக்குள் இன்னொரு டிஸ்க்கைச் சொருகியிருந்தான். அது டி. சின்ன மாமாவுக்கு. போனில் சொன்னான்: "ஆளுக்கு ஒரு ரூம் மாதிரி மாமா. ஒருத்தர் இடத்துல ஒருத்தர் போக வேண்டாம். சண்டையே வராது."

வந்தது.

டிஸ்க் ரெண்டு, திரை ஒன்றுதானே? திரையில் யார் படம் இருப்பது? நான் கழுகுமலை முருகனை வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் முருகன் இல்லை. அவன் மகள் வடிவு, காலேஜில் பட்டம் வாங்கின அங்கியோடு நிற்கிறது. மறுநாள் காலையில் நான் முருகனை வைத்தேன். சாயங்காலம் வடிவு. காலையில் முருகன். சாயங்காலம் வடிவு.

"சாமிய எடுத்துட்டு மகள வைக்கிறவன் என்ன மனுசன்ல?" என்று கேட்டேன்.

"மகள எடுத்துட்டுச் சாமிய வைக்கிறவன் என்ன மனுசன்?" என்று கேட்டான்.

"அவ நல்லா இருக்கணும்னுதானல சாமிய வைக்கேன்!"

"அவ நல்லாத்தான இருந்தா, அந்தப் படத்துல!"

பெண்டாட்டிமார் ரெண்டு பேரும் கூடி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். மத்தியானம் வரைக்கும் முருகன், மத்தியானத்துக்குமேல் வடிவு. மத்தியானம் என்றால் பன்னிரண்டா, சாப்பிட்டு முடித்த பிறகா என்று அடுத்த சண்டை. நான் மேஸ்திரியாக இருந்தவன். எனக்கு மத்தியானம் என்றால் மில் சங்கு ஊதுகிற நேரம். அவனுக்கு மத்தியானம் என்றால் தூங்கி எழுந்த பிறகு. அது வளர்ந்தது. கடைசியில் அக்காள் புருஷன் பிச்சையா அத்தான், அதுதான் நயினாருடைய அப்பா, சங்கரன்கோவிலில் இருந்து வந்து வீட்டைப் பங்கு பிரித்தார். கூடத்துக்கு நடுவில் சுவர் வைத்தோம். அண்டா, குண்டான், தென்னை, கிணற்று வாளி எல்லாம் பிரித்தாயிற்று. லேப்டாப்புக்கு நடுவில் மட்டும் சுவர் வைக்க முடியவில்லை. பெட்டி மூத்தவனுக்கு என்றார் அத்தான். ஆக, அவன் பங்கு என் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

சுவர் கூடத்தில்தான். பின்னால் அடுப்படிப் பக்கம் திறந்துதான் கிடக்கிறது. குழம்பு போகும், ரசம் வரும். என் வீட்டுக்காரி கோமதி போவாள். வடிவு வரும், லேப்டாப்பைத் துடைக்கும், "பெரியப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும். நாங்கள் ரெண்டு பேரும்தான் போவதும் இல்லை, வருவதும் இல்லை. அதுதான் பங்கு.

இப்போது வடிவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சங்கரன்கோவில், மின்வாரியத்தில் வேலை. மண்டப வாசலில் ஃபிளக்ஸ் வைக்க வேண்டுமாம். பிறந்ததிலிருந்து இன்றைக்கு வரைக்கும் படம் படமாகப் போட்டு. அந்தப் படங்கள் பூராவும் டி-யில் இருக்கிறது. அத்தான் வந்தார். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சொன்னார்.

"உலகநாதன் டிஸ்க்கக் கழத்திக் கேக்கான் மாப்ளே. பழுதில்லாம வந்தா, கல்யாணப் பத்திரிகையில பெரியப்பான்னு உம்ம பேரு. பழுதுபட்டா பேரு கிடையாதாம்."

எனக்கென்ன? பத்திரிகையில் பேர் வந்தால் சாம்பார் ருசிக்குமா? வராவிட்டால் போகிறது. நான் கேட்கவும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றைக்குக் காதில் முதலில் பேரைச் சொன்னது நான். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது நான். அவனுக்கு ஷிப்டு. எனக்கும்தான் ஷிப்டு, ஆள் மாற்றிவிட்டுப் போவேன். சைக்கிளில் முன்னால் உட்கார்ந்துகொண்டு வழி பூராவும் மணியை அடித்துக்கொண்டே வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சும்மா சொன்னேன்.

ஃபிளக்ஸ் கடைக்காரன் ஒரு யோசனை சொன்னானாம். படத்தை எல்லாம் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தால் போதும், எதையும் கழற்ற வேண்டாம் என்று. நான் கேட்டேன், நிலத்தைப் பங்கு கேட்டால் நிலத்தைக் கொடுப்பார்களா, நகல் எடுத்துக் கொடுப்பார்களா? நகல் என்றால் மிச்சம் என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். அது திருட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் அதையே சொன்னான். "நகல் வேண்டாம். என் பங்குதான் வேணும்." இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

வடிவு வந்து உட்கார்ந்தது. கழற்றுவதற்கு முன்னால் லேப்டாப்பிடம் சொல்ல வேண்டுமாம். திரை மூலையில் ஒரு சின்னப் பொத்தான். பாதுகாப்பாக அகற்று என்று. நானே அமுக்கினேன். அது என்ன சொன்னது தெரியுமா? டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது, அப்புறம் வா என்றது.

யார் பயன்படுத்துவது? வீட்டில் இருப்பது நான், கோமதி. "ஏய், நீ பயன்படுத்துதியா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன். "நான் தேங்காய்த் துருவியத்தான் பயன்படுத்துதேன்" என்றாள். அப்படியானால் சுவருக்கு அந்தப் பக்கம்தான். காற்றிலேயே வேலை செய்கிற சாமான் இதெல்லாம். நான் சுவரைப் பார்த்துக் கேட்டேன், யாரையும் கேட்கவில்லை, சுவரைத்தான்: "பங்கக் கேட்டுட்டு, உள்ள இருந்துக்கிட்டு வெளிய வர மாட்டேன்னா எப்படி?" அந்தப் பக்கமிருந்து அவன் சம்சாரம் செண்பகம் எனக்குப் பதில் சொல்லிற்று: "அத்தான், அவுக சாப்பிட்டுக்கிட்டுல்ல இருக்காக."

வடிவு எதையோ அமுக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

"பெரியப்பா. நீங்கதான் திறந்து வச்சிருக்கீங்க."

"எத?"

"என் படத்த. மில்லுல ஆயுத பூஜையன்னைக்கு உங்க தோள்ல உட்கார்ந்திருப்பேன்ல, அத. பின்னாடி திறந்தே கிடக்கு."

"நான் பயன்படுத்தல. பார்த்துக்கிட்டு இருந்தேன். பார்க்கிறது வேற, பயன்படுத்துறது வேற."

"தினமுமா பெரியப்பா?"

"தூசி படிஞ்சிருக்கான்னு பார்ப்பேன்."

அது மூடிற்று. இப்போது அகற்றலாம் என்று லேப்டாப் சொன்னது. "அவ்வளவுதான் பெரியப்பா. ஆஃப் பண்ணிட்டுக் கழத்திருங்க" என்றது வடிவு.

அவ்வளவுதானா? லேப்டாப் சொன்னால் ஆயிற்றா? நான் மில்லில் இருந்தவன்.

நீங்கள் மில்லுக்குள் போயிருக்க மாட்டீர்கள். கேளுங்கள். நூல் நூற்கிற மிஷின் கல்யாணப் பந்தி மாதிரி நீளமாக இருக்கும். இந்த முனையில் பல்சக்கரம். அந்த முனையில் சுவிட்சு. நான் சக்கரப் பக்கம், உலகநாதன் சுவிட்சுப் பக்கம். நடுவில் இரைச்சலும் பஞ்சும். ஆளை ஆள் பார்க்க முடியாது. சக்கரத்தில் நூல் சிக்கினால் நான் கத்துவேன், "விட்டாச்சா?" அவன் மிஷினை நிறுத்தி, சுவிட்சில் இருந்து கையை விட்டு, தள்ளி நின்று, திருப்பிக் கத்துவான், "விட்டாச்சு!" அந்தக் குரல் வந்த பிறகுதான் என் கை உள்ளே போகும். வேறு எவன் சொன்னாலும் போகாது. மானேஜர் சொன்னாலும் போகாது. சர்வீஸ் முழுக்க அப்படித்தான். பாருங்கள், விரல்களைப் பாருங்கள். எல்லாம் இருக்கிறது. எங்கள் செட்டில் எல்லாருக்கும் இப்படி இருக்காது.

அதனால் சொல்லிவிட்டேன். உலகநாதன் வாயால் விட்டாச்சு என்று வரட்டும். அப்புறம் கை வைக்கிறேன்.

"பெரியப்பா, இது லேப்டாப்பு. பேட்டரியக் கழத்திட்டா ஒண்ணுமே செய்யாது."

"நின்ன மிஷின்தான்மா விரல எடுக்கும். ஓடுற மிஷின்ல எவன் கை வைப்பான்?"

மறுபடி அத்தான் வந்தார். பாவம், வெயிலில் வந்தார். என் பக்கம் உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டார். எழுந்து, பின்வாசல் வழியாக, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் போனார். அவர் அங்கே பேசுவது சுவர் வழியாக எனக்கே கேட்கும். அவன் பதிலும் கேட்கும். ஆனாலும் அத்தான் திரும்பி வந்து சொல்லும்வரை எனக்குத் தெரியாது. முறை என்று ஒன்று இருக்கிறது.

"விட்டாச்சுன்னு சொல்லச் சொன்னான் மாப்ளே."

"யாரு?"

"உலகநாதன்தான்."

"அப்ப அவன் சொல்லட்டும்."

"அவன்தான் உம்மகிட்டப் பேச மாட்டேங்கானே!"

"பேச வேண்டாம் அத்தான். விட்டாச்சுன்னு மட்டும் சொல்லட்டும்."

"அது பேச்சு இல்லாம என்னவே?"

"அது பேச்சு இல்ல. வேலை."

அத்தான் மறுபடி துவைக்கிற கல்லைச் சுற்றிப் போனார். திரும்பி வந்தார். "அவன் சொல்லுதான், சுவர் வச்சவருதான் மொதல்ல கூப்பிடணுமாம்." நான் சொன்னேன், நான் ஏன் கூப்பிட வேண்டும், பங்கு வேண்டும் என்பது அவனுக்குத்தானே? அத்தான் போனார். வந்தார். ஈர வேட்டியோடு வந்தார், கல்லடியில் வழுக்கிவிட்டதாம். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் செத்துப்போயிருவேன் போலருக்கு" என்று சொல்லிவிட்டுச் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டார். அவருக்குப் பொறுமை கம்மி.

அதற்கு அடுத்தது வடிவு ஒரு வேலை செய்தது. செல்போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தது. உலகநாதன் குரல். "விட்டாச்சு."

"எப்பச் சொன்னான்?"

"நேத்து, பெரியப்பா. நான்தான் கெஞ்சிச் சொல்ல வச்சேன்."

"நேத்து விட்டான். இன்னைக்குத் திரும்பப் பிடிச்சிருந்தா?"

அது தரையில் உட்கார்ந்துவிட்டது. சிரிக்கிறது என்று நினைத்தேன். "எனக்கு ஃபிளக்ஸே வேண்டாம் பெரியப்பா. படமே வேண்டாம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தது. தூசி விழுந்திருக்கும். எங்கள் கூடத்தில் தூசி அதிகம். சுவர் வைத்ததிலிருந்தே அப்படித்தான்.

மறுநாள் காலையில் கோமதியின் தையல் மிஷினோடு வந்த, திருகாணி முடுக்குகிற திருப்புளியை எடுத்தேன். கழற்றுவதற்கு இல்லை. தயாராக வைப்பதற்கு. கழற்றுகிற நேரத்தில் திருகாணி துருப்பிடித்திருந்தால்?

வடிவு ஏற்கெனவே வரிசையாகச் சொல்லியிருந்தது. லேப்டாப்பை நிறுத்தினேன். ஒயரைப் பிடுங்கினேன். கவிழ்த்துப் போட்டு பேட்டரியைக் கழற்றினேன். மிச்சம் மீதி கரண்டு போவதற்காக ஆன் பண்ணுகிற பொத்தானைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தேன். நம் உடம்பில் ஒரு மின்சாரம் இருக்குமாம், அது டிஸ்க்கைக் கெடுத்துவிடுமாம், அதனால் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டுமாம். மேஜையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை தொட்டால் போதும் என்றுதான் வடிவு சொன்னது. நான் விடவில்லை. மின்சாரம் திரும்ப வராது என்று என்ன நிச்சயம்? வலது கையில் திருப்புளி. லேப்டாப்பைக் கோமதி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு கையால திருகுதீகளே, ஜன்னல விடுங்களேன்."

"வாய மூடு. ஒனக்கும் மின்சாரம் இருக்கு."

அடியில் ஒரே ஒரு திருகாணி. சின்னது, கடுகு மாதிரி. குங்குமச் சிமிழில் போட்டு மூடினேன். அதைக் கழற்றிவிட்டால் டிஸ்க் மேஜை இழுப்பறை மாதிரிப் பக்கவாட்டில் வெளியே வரும். லேசாக நெம்பினேன். நகக்கண் அளவு வந்தது. நின்றுவிட்டது. உள்ளே எங்கேயோ பிடிக்கிறது. விரலை விட்டுத்தான் இழுக்க வேண்டும்.

அந்த இடத்தில் எனக்கு மறந்துபோய்விட்டது. லேப்டாப் என்பது மறந்துவிட்டது. சுவர் மறந்துவிட்டது. கை உள்ளே போகப் போகிறது, வாய் தானாகத் திறந்துவிட்டது.

"விட்டாச்சா?"

மில்லில் போடுகிற சத்தம். தெருவில் நாய் குரைத்தது.

மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"விட்டாச்சு!"

அதே குரல். பல் போய்விட்டது, அதனால் காற்றும் சேர்ந்து வருகிறது. ஆனாலும் அதே குரல். என் விரல் உள்ளே போயிற்று. இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கீறல் இல்லை. ஒன்றும் இல்லை.

கோமதி லேப்டாப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அந்தப் பக்கம் செண்பகம் எதையோ கீழே போட்டது, எவர்சில்வர், உருண்டு ஓடிற்று.

அவன் அத்தானிடம் போனில் என்ன சொன்னான் தெரியுமா? எனக்குச் சொல்லவில்லையாம். ஆட்டை அவிழ்த்துவிட்டானாம், அதைச் செண்பகத்திடம் சொன்னானாம். அவனிடம் ஆடே கிடையாது.

போகட்டும். கழற்றின பிறகு பேட்டரியை மாட்டி லேப்டாப்பை ஆன் பண்ணிப் பார்த்தேன். திரை வெறும் கறுப்பு. அது மத்தியானத்துக்கு முந்தின நேரம், முருகன் இருக்க வேண்டிய நேரம். முருகன் இல்லை. வடிவைக் கூப்பிட்டேன். அது பார்த்துவிட்டுச் சொல்கிறது: "முருகர் படமும் அப்பா டிஸ்க்லதான் இருந்துச்சு பெரியப்பா. உங்களுக்குன்னு கழுகுமலை போய் அப்பாதான எடுத்துட்டு வந்தாங்க. அங்கயே வச்சிருந்தாங்க."

பார்த்தீர்களா? முருகனை என் திரையில் காட்டிவிட்டு, வேரை அவன் பங்குக்குள் வைத்திருக்கிறான். இவ்வளவு நாள் நான் கும்பிட்டது அவன் இடத்தில் இருந்த சாமியை. என் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். சீட்டு விளையாட்டு இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. பெரிய மாமாவுக்குச் சீட்டு.

கோமதிதான் டப்பாவில் அரிசி போட்டாள். ஈரத்தை இழுக்குமாம். அவளுடைய செல்போன் ஒரு தடவை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து அரிசியில் போட்டுத்தான் பிழைத்தது. இது தண்ணீரில் விழவில்லையே என்றேன். "வீட்டுல இருந்து ஒண்ணு வெளிய போகுது, வெறுமனே போகலாமா?" என்றாள். டிஸ்க்குக்குக் குங்குமப் பொட்டும் வைத்திருக்கிறாள். நான் தடுக்கவில்லை. திருகாணி இருந்த சிமிழ்தானே.

பங்குச் சாமான் அத்தான் முன்னால்தான் கைமாற வேண்டும். அத்தான் இனிமேல் எங்கள் வீட்டுப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தப் பஸ். அவர் வீட்டில் வைத்து நான் கொடுக்க வேண்டும், அவன் வாங்க வேண்டும், ஃபிளக்ஸ் கடைக்காரன் மாட்டிப் பார்த்துப் பழுதில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பத்திரிகை அச்சுக்குப் போகும், பேரோடோ பேர் இல்லாமலோ. எனக்கென்ன.

பள்ளம் வருகிறது. பிடித்துக்கொள்ளுங்கள். என்னை இல்லை, கம்பியை.

இந்த டிரைவரை ஒரு நாள் எங்கள் மில்லில் விட்டால் தெரியும்.

பாருங்கள். கால் மாற்றி நிற்கிறான். இடது முட்டிதான் அவனுக்கு மோசம். சுவிட்சுப் பக்கம் சிமெண்டுத் தரை, எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். எனக்காவது சக்கரப் பக்கம் ஒரு கட்டை கிடந்தது, உட்காரலாம். ஒரு நாளாவது கட்டையைக் கொடு என்று கேட்டிருக்கிறானா? கேட்க மாட்டான். அவ்வளவு திமிர். இப்போதும் பாருங்கள், பஸ்ஸில் ஒரு இடம் காலியாக இருந்தது, வந்து உட்கார்ந்தால் குறைந்தா போவான்? தைலம்கூட எடுத்து வந்திருக்க மாட்டான். நான் எடுத்து வந்திருக்கிறேன். எனக்குத்தான். எனக்கு முட்டி நன்றாக இருக்கிறது, ஆனாலும் இருக்கட்டும் என்று.

கழுகுமலை வந்துவிட்டது. மலை தெரிகிறது, கும்பிட்டுக்கொள்ளுங்கள். நான் எங்கே கும்பிடுவது? முருகன் என் மடியில் அரிசிக்குள் இருக்கிறான்.

அடடா. ஏன் இவ்வளவு பேர் ஏறுகிறார்கள்? மூட்டையை அவன் காலில் வைக்கிறார்கள் பாருங்கள். யோவ்! கண்டக்டர்! அங்கே ஒரு வயசான ஆள் நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?

எனக்கு அவனைத் தெரியாது கண்டக்டர். பொதுவாகச் சொன்னேன்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? சங்கரன்கோவிலா? பரவாயில்லை, எழுந்திருங்கள். உங்களுக்குத் திடமான முட்டி. எழுந்திருங்கள் சார். நான்தான் உட்காரச் சொன்னேன், நான்தான் எழுந்திருக்கவும் சொல்கிறேன். இங்கேயே பக்கத்தில் நில்லுங்கள், கதை இன்னும் முடியவில்லை. துண்டைப் போடுகிறேன். இப்போது நீங்கள் முன்னால் போய், பச்சைச் சட்டையிடம், பின்னால் ஒரு இடம் காலி என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். யாரோ ஒரு ஆள் எழுந்துவிட்டார் என்று சொல்லுங்கள்.

சொன்னீர்களா? என்ன சொன்னான்?

துண்டு யாருடையது என்று கேட்டானா?

வருகிறான். பார்க்காதீர்கள். ஜன்னலைப் பாருங்கள். நான் தூங்குகிறேன்.

உட்கார்ந்துவிட்டானா? காலை நீட்டச் சொல்லுங்கள். அப்படி மடக்கி வைத்தால் ரத்தம் ஓடாது. சார், இந்தத் தைலத்தை அவனிடம் கொடுங்கள். கீழே கிடந்தது என்று சொல்லுங்கள்.

என்னது? என்னைப் பார்த்தா கேட்கிறான்?

நீ கேக்கிறதா இருந்தா நேரா கேளுல. இந்த ஆளு எதுக்கு நடுவுல? பாவம், அவரு நின்னுக்கிட்டு வாராரு.

பேரா? பத்திரிகையில் என் பேருக்குப் பின்னால் மேஸ்திரி என்று போட வேண்டுமா, ஓய்வு பெற்ற மேஸ்திரி என்று போட வேண்டுமா என்று கேட்கிறான் சார். அச்சாபீசில் இருந்து கேட்கிறார்களாம்.

எப்பல கொடுத்த பேர?

சுவருக்கு இந்தப் பக்கம் நான் கத்தினேனே, அன்றைக்கே கொடுத்துவிட்டானாம். டிஸ்க் பழுதா இல்லையா என்று பார்க்கவே இல்லை, அதற்குள் பேரா? பார்த்தீர்களா சார் இவன் செய்கிற வேலையை? அப்படியானால் நான் எதற்கு இதை அரிசியில் போட்டு, பொட்டு வைத்து, மடியில் வைத்துச் சுமந்துகொண்டு வருகிறேன்? முறை வேண்டாமா? அத்தான் முன்னால் மாட்டிப் பார்த்த பிறகுதானே பேர்? இவனோடு ஒரு காரியம் செய்ய முடியாது.

மேஸ்திரின்னே போடு. ஓய்வு எல்லாம் வேண்டாம். மொத வரியில போடு. ஆடு வாங்கிட்டியால? எந்த ஆட்ட அவிழ்த்துவிட்ட?

சிரிக்கிறான். எனக்குப் பிடிக்காது.

முருகனக் குடுத்துரு. ஒன் மகளு போறதுக்கு முன்னாடி, சாயங்காலம் வைக்கிற அந்தப் படத்தையும் எனக்கு ஒண்ணு குடுத்துரு. நகல் இல்ல, பங்கு. சுவரப் பத்தி அப்புறம் பேசலாம்.

ஏய், ஏய், டப்பாவத் தொடாதல. நானே வச்சிருக்கேன். ஏன், ஒன் பங்குன்னா இப்பவே இழுக்கணுமா? பஸ்ஸு குலுங்குது, விழுந்துரும். பிடிக்கிறதுன்னா ஒழுங்காப் பிடி. அடியில கை குடுத்துப் பிடி. நானும் பிடிச்சிருக்கேன்.

என்ன கேட்கிறான் என்று கேட்டீர்களா சார்? பஸ் பூராவும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துகிறான்.

"விட்டாச்சா?"

என்னிடம் கேட்கிறான். இவ்வளவு காலமும் கேட்டது நான், சொன்னது அவன். இன்றைக்கு அவன் கேட்கிறான்.

நீங்களே சொல்லுங்கள் சார் அவனிடம். இன்னும் விடவில்லை. சங்கரன்கோவில் வரட்டும்.